மாமியாரை விட்டு வந்தவள்

புருஷனை விட்டு வந்தவளைப் பற்றி ஊருக்கு வாய் ஓயாமல் பேசத் தெரியும். மாமியாரை விட்டு வந்தவளைப் பற்றிப் பேச யாருக்கும் ஒன்றும் கிடையாது. அப்படி ஒருத்தி நகர வரலாற்று அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தாள். பழைய பொருள்களைத் துடைத்து அடுக்குவது, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வைக்கும் விளக்கச் சீட்டை எழுதுவது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் தொடாதே தொடாதே என்று தொண்டை கிழியக் கத்துவது எல்லாம் அவள் பொறுப்பு. அங்கே அவளுக்குச் சீட்டு மேடம் என்று பெயர். வாழ்க்கைப்பட்டுப் போன பண்ணை வீட்டில் வேறு பெயர். நகரத்தில் வளர்ந்தவள், பசுவுக்கும் கிடாரிக்கும் வித்தியாசம் தெரியாமல் முழித்தாள் என்று மாமனார் முதல் நாளே பட்டணம் என்று பெயர் வைத்துவிட்டார். அதுவே நிலைத்துப்போனது. அந்தப் பெயரைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டு மூன்று வருஷம் ஆகிறது. நாமாவது கூப்பிடுவோம்.

பட்டணத்துக்கும் அவள் புருஷனுக்கும் ஒத்துவரவில்லை. அவன் அடித்தான், குடித்தான் என்று கதை கட்ட ஆசைப்படுகிறவர்கள் ஏமாந்துதான் போக வேண்டும். அவன் பேசமாட்டான், அவ்வளவுதான். காலையில் ஒரு வார்த்தை, ராத்திரி ஒரு வார்த்தை, இடையில் உறுமல். இவளோ பேச ஆள் இல்லாவிட்டால் கதவுத் தாழ்ப்பாளிடமாவது பேசுகிற ரகம். ஐந்து வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து பார்த்தார்கள். பிறகு சண்டை சச்சரவு இல்லாமல், பொருந்தாத சட்டையைக் கழற்றுவதுபோல் கழற்றிக்கொண்டார்கள். அதில் அவளுக்கு இம்மியளவும் வருத்தம் இல்லை.

வருத்தமெல்லாம் மாமியார் விஷயத்தில்தான். அந்த ஐந்து வருஷமும் அவள் உண்மையில் குடும்பம் நடத்தியது மாமியாரோடுதான் என்று சொன்னாலும் தப்பில்லை. விடிவதற்கு முன்னால் இருவரும் தொழுவத்துக்குப் போவார்கள். மாமியார் பால் கறந்துகொண்டே மாடுகளைப் பற்றிப் புறம் பேசுவாள். இவளுக்குத் தலைக்கனம், அவள் பக்கத்துக்காரியின் தீவனத்தைத் திருடித் தின்கிறாள், அந்த மூலையில் நிற்பவளுக்கு யார்மேலோ கண் என்று வம்பு வளர்ப்பாள். பட்டணம் சிரித்துச் சிரித்து ஒருமுறை பால் வாளியைக் கவிழ்த்தே விட்டாள். குளிர் நாளில் அடுப்புப் பக்கத்தில் பூட்ஸ்களைச் சூடுகாட்டி வைப்பதும் மாமியார்தான். பட்டணத்துப் பூட்ஸுக்குத்தான் எப்போதும் முதல் இடம். நகரத்துக் கால், விறைத்துப்போனால் யார் பதில் சொல்வது என்பாள்.

வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று மாமியார் ஆட்டுக் கொட்டகையில் இருந்தாள். குட்டி குறுக்கே திரும்பிக்கொண்டு வெளியே வராமல் ஓர் ஆடு தவித்துக்கொண்டிருந்தது. மாமியாருக்குக் கை இரண்டும் வேலையாக இருந்தன. பட்டணம் பெட்டியோடு கொட்டகை வாசல்வரை போனாள். அந்த முதுகைப் பார்த்தாள். கூப்பிட்டால் போக முடியாது என்று தெரிந்தது. சொல்லிக்கொள்ளாமலேயே வந்துவிட்டாள். நீதிமன்றத்தில் புருஷனிடமிருந்து விடுதலை கொடுத்தார்கள். மாமியாரைப் பற்றி அங்கே யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்படியாக மூன்று வருஷம் ஓடியது. மாமியாரிடமிருந்து ஒரு போன் இல்லை. இவளும் பண்ணவில்லை. கோபமாக இருப்பாள், சொல்லாமல் வந்ததை மன்னித்திருக்கமாட்டாள் என்று இவளே முடிவுகட்டிக்கொண்டாள். அந்த வீட்டுக்கு வேறொரு மருமகள் வந்துவிட்டாள் என்று காதில் விழுந்தது. மாஜி புருஷனுக்குக் கல்யாணம் என்று கேட்டபோது நல்லது என்று மனசாரச் சொன்னாள். மாமியாருக்கு மருமகள் வந்துவிட்டாள் என்று யோசித்தபோதுதான் சோறு இறங்கவில்லை.

வசந்தம் வந்தால் அருங்காட்சியகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. நகரத்தைச் சுற்றியிருக்கிற பண்ணைகளில் ஏதாவது ஒரு குடும்பத்திடம் பழைய சாமான்களை இரவல் வாங்கி, பின்னால் இருக்கிற நீளமான அறையில் கண்காட்சி வைப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்ணைக் குடும்ப நாள். அன்றைக்கு முற்றத்தில் கன்றுக்குட்டி வரும், ஆட்டுக்குட்டிகள் வரும், கோழிகள் கூண்டோடு வரும். பிள்ளைகள் புட்டியில் பால் கொடுப்பார்கள், டிராக்டரில் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்துக் காதைச் செவிடாக்குவார்கள். இரவல் கொடுத்த குடும்பமே நேரில் வந்து தங்கள் சாமான்களுக்குப் பக்கத்தில் நிற்கும். பார்க்க வருகிறவர்கள் கேட்பதற்கெல்லாம் அவர்களே பதில் சொல்வார்கள். சீட்டில் எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை என்பதைக் காப்பாளர் ஒருவழியாகப் புரிந்துகொண்டு செய்த ஏற்பாடு இது.

காப்பாளர் நல்ல மனிதர். எதைக் காட்டினாலும் அற்புதம் என்பார். துருப்பிடித்த ஆணியும் அற்புதம், ஓட்டை வாளியும் அற்புதம். இந்த வருஷம் எந்தக் குடும்பம் என்று சொல்ல வந்தபோது மட்டும் அவர் வாயில் அற்புதம் வரவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், பிறகு அந்த வீட்டைப் பேர் சொல்லாமல் சொன்னார். உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் வேறு குடும்பம் பார்த்துவிடலாம் என்றார். எனக்கென்ன சார், வேலை வேலைதான் என்று பட்டணம் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு சொன்னாள். சொல்லிவிட்டுக் கிடங்கு அறைக்குப் போய், ஏற்கெனவே ஒழுங்காக இருந்த பெட்டிகளை எல்லாம் இறக்கி மறுபடி அடுக்கினாள்.

கண்காட்சிக்கு என்ன தலைப்பு என்பதையும் காப்பாளரே தீர்மானித்தார். பண்ணை வீட்டின் பின்பக்க வாசல். பனி விலகி வேலை தொடங்குகிற சமயத்தில் அந்த வாசலில் என்னென்ன கிடக்குமோ அதெல்லாம். பால் கேன்கள், நாற்றுத் தட்டுகள், கிளை வெட்டும் கத்தரி, ஆட்டுக்குட்டிப் புட்டிகள், வெண்ணெய் கடையும் சின்னப் பீப்பாய். ஒரு லாரியில் ஐந்தாறு மரப்பெட்டிகள் வந்து இறங்கின. லாரிக்காரன் மட்டும்தான் வந்தான். வீட்டு ஆள் யாரும் வரவில்லை. வந்திருக்கமாட்டார்கள் என்று தெரிந்தும் பட்டணம் லாரியின் மறுபக்கம் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தாள்.

தோல், துணி, கம்பளி எது வந்தாலும் அருங்காட்சியகத்துக்குள் நேராக எடுத்துப் போகக் கூடாது. பூச்சி முட்டை இருந்தால் மற்றதெல்லாம் பாழாகிவிடும். பிளாஸ்டிக் உறையில் கட்டி, பின்னறையில் இருக்கிற பெரிய உறைபெட்டியில் இரண்டு மூன்று வாரம் போட்டுவைக்க வேண்டும். குளிரில் பூச்சி செத்துவிடும். அதற்காகப் பட்டணம் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பெட்டியில் பூட்ஸ்கள் இருந்தன. மாமனாருடையது, மாமியாருடையது, மாஜியுடையது, நாத்தனாருடையது என்று முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே எடுத்து வைத்தாள். அடியில் இன்னும் ஒரு ஜோடி கிடந்தது. முழங்கால் வரை வரும் பச்சை ரப்பர் பூட்ஸ். உள்ளே பழைய கம்பளிச் சட்டையை வெட்டி மாமியார் கையால் தைத்துவைத்த உறை. அது பட்டணத்துடையது.

பெட்டி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் வந்தது சந்தோஷம். இத்தனை நாள் வைத்திருந்திருக்கிறார்கள், தூக்கிப் போடவில்லை. அடுத்த நிமிஷமே சந்தேகம் வந்தது. வைத்திருந்தவர்கள் இப்போது ஏன் அனுப்பினார்கள்? துருவேறின கத்தரியோடும் நசுங்கின கேனோடும் சேர்த்து, இதுவும் பழைய கதை, எடுத்துப் போய்க் காட்சிக்கு வையுங்கள் என்று தலையைச் சுற்றிப் போட்டுவிட்டார்களா? தெரிந்து போட்டார்களா, வாசலில் கிடந்ததை எல்லாம் வாரி அள்ளிப் போட்டதில் இதுவும் வந்துவிட்டதா? எப்படித் திருப்பிப் பார்த்தாலும் பூட்ஸ் பூட்ஸாகத்தான் இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கே அவள் மனசுக்குள் ஒரு முடிவுக்கு வந்தாள். பண்ணை நாளன்று மாமியார் எப்படியும் வருவாள். வந்தால் இவளோடு பேசியே ஆக வேண்டும். வீட்டுக்கு வந்துவிட்டுப் போ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த ஞாயிறே போய்விடலாம். முன்வாசல்கூட வேண்டாம், கொட்டகைப் பக்கமாகப் போய், மாடுகளைப் பற்றி நாலு வம்பு கேட்டுவிட்டு, வந்த வழியே திரும்பிவிடலாம். மாஜியின் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அவனும் இவளைப் பார்க்கத் துடித்துக்கொண்டு நிற்கமாட்டான். ஒரே ஒரு வா. அதைக் கேட்கத்தான் அவள் காத்திருந்தாள்.

உறைபெட்டியிலிருந்து எடுத்த பிறகு சாமான்களை நீள அறையில் அடுக்கினாள். அட்டையும் மரமும் வைத்துத் தச்சர் ஒரு பின்வாசலை நிறுத்திக் கொடுத்திருந்தார். கதவு திறக்காது, சும்மா தோற்றத்துக்கு. அதற்குப் பக்கத்தில் பலகை போட்டுப் பூட்ஸ்களை வரிசையாக வைத்தாள். தன்னுடையதைக் கடைசியில் வைத்தாள். அறையில் யாரும் இல்லை. காப்பாளர் அச்சகத்துக்குப் போயிருந்தார். பிள்ளைகளைத் தொடாதே தொடாதே என்று விரட்டுகிற சீட்டு மேடம், கையுறை மாட்டாமல் எந்தப் பொருளையும் தூக்காதவள், செருப்பைக் கழற்றிவிட்டுக் காட்சிப் பொருளுக்குள் காலை விட்டாள். உறை கொஞ்சம் இறுகியிருந்தது. மற்றபடி அப்படியே இருந்தது. நாலு எட்டு நடந்தாள், அந்தத் திறக்காத கதவுவரை போனாள், நின்றாள், திரும்பி வந்து கழற்றிவைத்தாள். வாசலில் யாரோ செருமுகிற சத்தம் கேட்டு அவசரமாக வெளியே ஓடினாள்.

பண்ணை நாளன்று, முந்தின நாள் பெய்த மழையில் முற்றம் சொதசொதவென்று கிடந்தது. அதைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஏக சந்தோஷம், பெற்றவர்களுக்கு ஏக துக்கம். அந்தக் குடும்பம் தங்கள் வண்டியிலேயே வந்தது. முதலில் மாமனார் இறங்கினார், கையில் கன்றுக்குட்டியின் கயிறு. பிறகு நாத்தனார், நன்றாக வளர்ந்துவிட்டிருந்தாள். அண்ணி என்று வாய் திறந்தவள், பின்னால் இறங்குகிறவளைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். பின்னால் இறங்கியது புதிய மருமகள். மாஜி இவளைப் பார்த்துத் தலையசைத்தான். இவளும் அசைத்தாள். இருவருக்கும் இடையில் ஐந்து வருஷத்தில் நடந்த உரையாடல்களில் அது சுமாரான நீளம்தான்.

மாமியார் கடைசியில் இறங்கினாள். முடி நரைத்திருந்தது. இறங்கும்போது ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள், அது புதுசு. பட்டணத்தைப் பார்த்தாள். பார்த்த உடனே கோழிக்கூண்டு சரியாகக் கட்டியிருக்கிறதா என்று அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு வெண்ணெய் கடையும் மேஜையை விட்டு அசையவே இல்லை. சுற்றிப் பிள்ளைகள் கூட்டம். பட்டணம் ஏதோ வேலை இருப்பதுபோல் அந்தப் பக்கம் நாலு தடவை போய்வந்தாள். நாலு தடவையும் மாமியார் பீப்பாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதிய மருமகளிடம் குறை கண்டுபிடிக்கப் பட்டணம் கண்ணும் கருத்துமாக முயன்றாள். ஒன்றும் அகப்படவில்லை. சின்னப் பெண். அதிர்ந்து பேசவில்லை. முரண்டு பிடித்த கன்றுக்குட்டியைக் காதடியில் சொறிந்தே வழிக்குக் கொண்டுவந்தாள். பட்டணத்துக்குக் கன்றுக்குட்டிகளைக் கண்டாலே நடுக்கம், ஐந்து வருஷமும் தள்ளியே நின்றவள். இந்தப் பெண்மேல் எரிச்சல்படவாவது ஒரு காரணம் கொடுத்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் வைக்க வேண்டியிருந்தது. மாமனார் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்திருந்தார். திரும்பிப் பார்க்காமல், பழக்க தோஷத்தில் குரல் கொடுத்தார்.

"பட்டணம், அந்த வாளிய எடும்மா."

முற்றத்தில் இருந்த அந்தக் குடும்பம் முழுக்க ஒரு நொடி அசையாமல் நின்றது. மாமனாருக்கு மட்டும் தான் என்ன சொன்னோம் என்பது தெரியவில்லை, கையை நீட்டிக்கொண்டே நின்றார். பட்டணத்தின் கால் தானாக இரண்டு எட்டு வைத்துவிட்டது. அதே நேரம் புதிய மருமகளும் வாளிப் பக்கம் வந்தாள். இருவரும் குனிந்தார்கள். அந்தப் பெண்ணின் முகம் சிவந்து, கண் கலங்கிவிட்டது. பட்டணம் நிமிர்ந்து, சேற்றைத் தட்டுவதுபோல் பாவாடையைத் தட்டிக்கொண்டாள். வாளியை அந்தப் பெண் எடுத்துக்கொண்டு போனாள். வெண்ணெய் மேஜையிலிருந்து மாமியார் இதை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது பட்டணத்துக்குத் திரும்பிப் பார்க்காமலேயே தெரிந்தது.

மத்தியானம் கூட்டம் சாப்பிடக் கலைந்தது. பட்டணம் நீள அறையில் சாய்ந்து கிடந்த சீட்டுகளை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். கயிறு கட்டிய தடுப்புக்கு அந்தப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. மாமியார் தனியாக வந்திருந்தாள். கேனைப் பார்த்தாள், கத்தரியைப் பார்த்தாள், யாரோ வீட்டுச் சாமானைப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து பூட்ஸ் வரிசையில் நின்றாள்.

அந்த வீட்டில் எல்லோரும் பூட்ஸைக் கழற்றி, நுனி சுவரைப் பார்க்கிற மாதிரி வைப்பார்கள். பட்டணம் மட்டும் நுனி வெளியே பார்க்கிற மாதிரி வைப்பாள், காலை விட்டால் நேராகக் கிளம்பிவிடலாம் என்பது அவள் கணக்கு. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும், திருப்பி வை என்று மாமியார் ஐந்து வருஷமும் திட்டியிருக்கிறாள். கண்காட்சியில் மற்ற ஜோடிகள் சுவரைப் பார்த்து நின்றன. கடைசி ஜோடி மட்டும் வெளியே பார்த்தது. தான் அப்படி வைத்துவிட்டு ஓடியது பட்டணத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

"கால உள்ள விட்டுப் பார்த்தியா?" என்றாள் மாமியார். மூன்று வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை அது.

"ஒரே ஒரு தடவை அத்தை."

"பத்துச்சா?"

"கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு. பத்துச்சு."

மாமியார் தலையாட்டினாள். இனி கேட்காவிட்டால் எப்போதும் கேட்க முடியாது என்று பட்டணத்துக்குத் தோன்றியது. இதை ஏன் சேர்த்து அனுப்பினீர்கள் என்று கேட்டே விட்டாள்.

மாமியார் பூசி மெழுகுகிற ஜாதி இல்லை. தடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்ததை நடந்தபடி சொன்னாள். போன மழைக்காலத்தில் ஒரு நாள் புதிய மருமகள் அவசரத்துக்கு அந்தப் பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டாளாம். சரியாகப் பொருந்திவிட்டதாம். மாமியார் பார்த்துவிட்டுக் கழட்டு என்று சொல்லியிருக்கிறாள்.

"நான் சொன்ன விதம் சரியில்ல," என்றாள். "ஒரு பசுமாட்டைக்கூட நான் அப்படி விரட்டினது கிடையாது. அன்னிக்கு முழுக்க அந்தப் பொண்ணு சாப்பிடல. அது என்ன தப்பு பண்ணுச்சு, நீயே சொல்லு. அதுக்கப்புறம் அந்தப் பூட்ஸ் வாசல்ல கிடந்தா அதுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். தூக்கிப் போடலாம்னு குப்பை மேடு வரைக்கும் எடுத்துக்கிட்டுப் போனேன். போட முடியல. திரும்பக் கொண்டுவந்து பரண்ல ஒளிச்சு வெச்சேன். அப்பதான் உங்க ஆபீசர் வந்து பழசு என்ன இருந்தாலும் குடுங்கன்னு கேட்டார். இங்க குடுத்தா நீ பார்த்துக்குவேன்னு குடுத்துட்டேன்."

வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியாமல் தூக்கிப் போடவும் மனசு வராமல் எத்தனையோ பேர் எத்தனையோ சாமான்களை இந்தக் கட்டடத்தில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அதற்கெல்லாம் அவள்தான் சீட்டு எழுதியிருக்கிறாள். இதுவும் அப்படி வந்த சாமான் என்று அதுவரை அவளுக்குத் தோன்றவே இல்லை.

"என் மேல கோவமா இருக்கீங்கன்னு நினைச்சேன்."

"கோவம்தான். சொல்லிக்காம போயிட்டியே. வாசல்ல நீ நின்னது எனக்குத் தெரியும். குட்டியோட கால் ஒண்ணு என் கையில இருந்துச்சு, திரும்ப முடியல. திரும்பிப் பார்க்கும்போது நீ இல்ல."

பட்டணம் அழுதாள். அருங்காட்சியகத்தில் வேலை நேரத்தில், கையில் விளக்கச் சீட்டோடு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள். மாமியார் கயிற்றுக்கு அந்தப் பக்கமே நின்றாள். கையை நீட்டிப் பட்டணத்தின் சட்டைக் கழுத்துப்பட்டை மடங்கியிருந்ததைச் சரிசெய்துவிட்டாள்.

அந்த ஒரு வார்த்தை தானாக வரும் என்று இத்தனை நாள் காத்திருந்தாளே, அதற்குமேல் காத்திருக்க அவளால் ஆகவில்லை. வாய்விட்டே கேட்டாள்.

"ஒரு நாள் வந்துட்டுப் போகட்டுமா அத்தை? வீட்டுக்குள்ளகூட வரல. கொட்டகை வரைக்கும்."

வெளியே முற்றத்தில் புதிய மருமகள் ஏதோ சொல்ல, பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. மாமியார் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வராதம்மா," என்றாள். "நீ வந்தா நான் உன்கூடத்தான் பேசிட்டு இருப்பேன். அந்தப் பொண்ணு பார்த்துக்கிட்டு நிக்கும். எனக்கு நடிக்க வராது, உனக்கே தெரியும். அது நல்ல பொண்ணு. அதுவும் ஒரு வீட்டை விட்டுட்டு என்னை நம்பித்தான் வந்திருக்கு."

பட்டணம் சரி என்று தலையாட்டினாள். வேறென்ன செய்வாள்? அந்தப் பெண்ணின் இடத்தில் தான் இருந்தபோது இதே மாமியார் தன்னை இப்படித்தான் பார்த்துக்கொண்டாள் என்பது அவளுக்குத் தெரியாதா? அது தெரிந்ததுதான் அதிகமாக வலித்தது.

அதற்குள் சாப்பிட்டு முடித்த குடும்பம் ஒன்று அறைக்குள் வந்தது. கூட வந்த வாண்டு நேராகப் பூட்ஸ் வரிசைக்கு வந்து, இது யாரோடது, இது யாரோடது என்று கேட்க ஆரம்பித்தது. பதில் சொல்வது இரவல் கொடுத்த குடும்பத்தின் கடமை. மாமியார் கண்ணை ஒருமுறை துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். இது என் வீட்டுக்காரருடையது, யானைப் பாதம். இது என் பையனுடையது. இது என் சின்ன மகளுடையது. கடைசி ஜோடிக்கு வந்தார்கள்.

"அது எங்க வீட்டுப் பொண்ணோடது," என்றாள் மாமியார்.

"அவங்க வரலையா?"

"அது வேலைக்குப் போயிருச்சு."

பட்டணம் முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே நேராக நின்ற ஒரு சீட்டை மறுபடி நிமிர்த்தினாள்.

சாயங்காலம் கிளம்புகிற சமயத்தில் காப்பாளர் எல்லோரையும் நீள அறைக்கு அழைத்துவந்தார். இரவல் கொடுத்த குடும்பத்தைப் படம் எடுத்து முன்கூடத்தில் மாட்டுவார்கள். வழக்கமாகப் படம் எடுப்பவர் காப்பாளர்தான். அன்றைக்கு அவர் கை முழுக்க வெண்ணெய், கடைந்து பார்க்கிறேன் பேர்வழி என்று இறங்கி வழித்துக்கொண்டு நின்றார். கேமராவைச் சீட்டு மேடத்திடம் கொடுங்கள் என்றார்.

அட்டை வாசலுக்கு முன்னால் குடும்பம் வரிசையாக நின்றது. மாமனார் நடுவில், அவர் பக்கத்தில் மாமியார், மாமியாரின் தோளை ஒட்டிப் புதிய மருமகள். மறுபக்கம் மாஜியும் நாத்தனாரும். பட்டணம் கேமராவின் திரையில் பார்த்தாள். எல்லோரும் இருந்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் நேராக இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரித்துக்கொண்டும் இருந்தார்கள், படத்துக்காகத்தான் என்றாலும். காலையிலிருந்து பீப்பாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்த மாமியாரும் பார்த்தாள். இப்போது பார்ப்பதற்கு யாரும் எதுவும் சொல்ல முடியாது.

ஒரு படம் எடுத்தாள். மாமனார் நகரப் போனார்.

"இன்னொண்ணு," என்றாள் பட்டணம்.

எடுத்தாள். வெளிச்சம் சரியில்லை, இன்னொன்று என்றாள். நாத்தனார் கண்ணை மூடிவிட்டாள், இன்னொன்று என்றாள். அதற்கடுத்ததற்குக் காரணம் எதுவும் அகப்படவில்லை, சும்மா இன்னொன்று என்றாள். காப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேசவே பேசாத மாஜிகூட வாயைத் திறந்து, எத்தனைதான் எடுப்பாங்க என்று முனகினான்.

"எடுக்கட்டும் விடுடா," என்றாள் மாமியார். அவள் பார்வை கேமராவை விட்டு அசையவில்லை. "அவளுக்குப் போதும்கிற வரைக்கும் எடுக்கட்டும். யாரும் நகராதீங்க."

பட்டணம் திரையைப் பார்த்தாள். கண்ணில் நிறைந்த தண்ணீரில் முகங்கள் எல்லாம் கலங்கித் தெரிந்தன. துடைத்துக்கொள்ளக் கையை எடுத்தால் அவர்கள் கலைந்துவிடுவார்கள் என்று பயந்து, துடைக்காமலேயே இன்னொன்று என்றாள்.